வேலூர்ல நம்ம ஏரியா தியேட்டர்ல உங்க படத்தை ஒரு ஷோ ஓட்டணுமா? பேப்பர்ல இருந்து ப்ரொஜெக்டர் வரைக்கும்

நண்பர்களா சேர்ந்து கைக்காசு போட்டு ஒரு படம் எடுத்து முடிச்சிட்டு, யூட்யூப்ல தூக்கிப் போடறதுக்கு முன்னாடி நம்ம ஊரு தியேட்டர்லயே ஒரு மார்னிங் ஷோ ஓட்டிப் பாத்துடலாம்னு நினைக்கறவங்களுக்குத்தான் இது. சாய்நாதபுரமோ சத்துவாச்சாரியோ காட்பாடியோ குடியாத்தமோ, எந்த மால்லயும் சேராத, ஓனரோ மேனேஜரோ நேர்ல உக்காந்து பேசற ஒத்த ஸ்கிரீன் தியேட்டரைத்தான் சொல்றேன். நாங்க இதைப் பண்ணி முடிக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு, கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, தமிழ்ல வரிசையா யாரும் எழுதி வைக்கல. அதான் எழுதறேன்.

எல்லாத்துக்கும் முதல்ல ஒண்ணு. எல்லாரும் முதல்ல தியேட்டருக்குப் போய் தேதி கேப்பாங்க, அடுத்து போஸ்டர் அடிப்பாங்க, கடைசியா சென்சார். நீங்க முதல்ல சென்சாரை முடிங்க. தேதியும் போஸ்டரும் அதுக்கு அப்புறம்தான். கையில சர்டிஃபிகேட் இல்லாம தேதி வாங்கினா அட்வான்ஸ் போகும், இல்ல அந்தத் தேதிக்குள்ள முடிக்கணும்னு சென்சார்ல சொல்ற எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வருவீங்க.

1. சென்சார் சர்டிஃபிகேட் – இது இல்லாம மேனேஜர்கிட்ட பேசறதே வேஸ்ட்

"நாங்க டிக்கெட்டே போடல சார், ஃப்ரீ ஷோதான், ஃபேமிலி ஃப்ரெண்ட்ஸ் மட்டும்தான்"னு சொன்னா விட்டுடுவாங்கன்னு நினைக்காதீங்க. தியேட்டர் ஓடறது கலெக்டர் குடுக்கற சி ஃபார்ம் லைசென்ஸ்ல. சென்சார் ஆகாத படத்தை ஓட்டினா மாட்டறது தியேட்டர் ஓனரோட லைசென்ஸ், உங்க படம் இல்ல. நான் போய் நின்ன எல்லா இடத்துலயும் முதல் கேள்வி ஒண்ணேதான், "படம் இன்னாப்பா, சென்சார் கீதா?"

அப்ளிகேஷன் முழுக்க ஆன்லைன், இ-சினிப்ரமாண்னு சிபிஎஃப்சியோட, அதாவது சென்சார் போர்டோட போர்ட்டல். நமக்கு சென்னை ரீஜனல் ஆஃபீஸ், நுங்கம்பாக்கம் ஹேடோஸ் ரோடு சாஸ்திரி பவன்ல இருக்கு. ஃபீஸ் படத்தோட நீளத்தைப் பொறுத்தது, அதனால எடிட்டை லாக் பண்ணாம, அதாவது இனி மாத்த மாட்டோம்னு முடிக்காம அப்ளை பண்ணாதீங்க. ஃபீஸ் மட்டும் செலவில்ல, கமிட்டி படம் பாக்கறதுக்கு ப்ரிவியூ தியேட்டர் வாடகையும் நம்ம தலையிலதான், நிறைய பேர் இதை பட்ஜெட்லயே எழுத மாட்டாங்க. அன்னிக்கு டைரக்டரோ ப்ரொட்யூசரோ நேர்ல இருக்கணும், படம் முடிஞ்சதும் உள்ள கூப்பிட்டு என்ன முடிவுன்னு சொல்வாங்க, காட்பாடில காலை ட்ரெயின் புடிச்சா போதும்னு நினைக்காம முந்தின நாளே போய் தங்கிடுங்க, ட்ரெயின் அரை மணி லேட்டானா அங்க யாரும் நமக்காகக் காத்திருக்க மாட்டாங்க.

ரெடியா வச்சுக்க வேண்டியது: கதைச் சுருக்கம், நடிகர் டெக்னீஷியன் முழு லிஸ்ட், பாட்டு இருந்தா முழு வரிகள், வசனம், படத்தோட நீளம் போட்டு ஸ்டுடியோ குடுக்கற லெட்டர், ப்ரொட்யூசரோட ஐடி ப்ரூஃப். ப்ரொட்யூசர் யாருன்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க. அஞ்சு பேர் காசு போட்டிருந்தாலும் சர்டிஃபிகேட்ல ஒருத்தர் பேரோ ஒரு கம்பெனி பேரோதான் வரும், பின்னாடி தியேட்டர் ஷேர் வர்றதும் அந்தப் பேருக்குத்தான். ஃப்ரெண்ட்ஷிப் உடையற இடம் இதுதான், ஸ்டாம்ப் பேப்பர்ல யாருக்கு எவ்வளவுன்னு எழுதி வச்சுக்கோங்க.

இப்ப இழுக்கற விஷயங்கள். இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க, முக்கால்வாசி லேட் இங்கதான்.

மிருகம். படத்துல ஒரு நாய், ஒரு கோழி, ஒரு மாட்டு வண்டி வந்தாலும் அனிமல் வெல்ஃபேர் போர்டோட என்ஓசி, அதாவது ஆட்சேபனை இல்லைங்கற லெட்டர் கேப்பாங்க. அந்த ஆஃபீஸ் முன்னாடி சென்னையில இருந்துச்சு, இப்ப ஹரியானா போயிடுச்சு, அதனால பஸ் ஏறிப் போய் கேட்டு வாங்கற கதையெல்லாம் கிடையாது. அதுவும் ஷூட்டிங்குக்கு முன்னாடியே பதிவு பண்ணியிருக்கணும்ங்கறதுதான் ரூல், எடுத்து முடிச்சிட்டு போனா விளக்கம் மேல விளக்கம் கேப்பாங்க. கே.வி.குப்பம் பக்கம் கிராமத்துல ஷூட் பண்ணிட்டு ஆடு மாடு ஃப்ரேம்ல வரலைன்னு சொல்ல முடியுமா. அந்த ஷாட் கதைக்கு வேணாம்னா எடிட்லயே தூக்கிடுங்க, பல மாசம் மிச்சம்.

சிகரெட். யாராவது பிடிச்சா அந்த சீன்ல கீழ எச்சரிக்கை வரி, படம் ஆரம்பத்துலயும் இடைவேளைக்கு அப்புறமும் 30 செகண்ட் புகையிலை எதிர்ப்பு ஸ்பாட், அதோட 20 செகண்ட் டிஸ்க்ளெய்மர். நீங்களா குரல் குடுத்து பண்ணக் கூடாது, ஹெல்த் மினிஸ்ட்ரி குடுக்கற ஃபைலைத்தான் போடணும். ஹீரோ கெத்தா இருக்கணும்னு ஒரே ஒரு பஃப் வச்சதுக்கு இவ்வளவும் சேக்கணும், யோசிச்சுக்கோங்க.

டீக்கடை பாட்டு. இது யாருக்கும் தோணாது. டீக்கடை சீன்ல பின்னாடி ரேடியோல ஒரு சினிமா பாட்டு ஓடும், இல்ல ஒருத்தன் ரிங்டோன் ஏதோ ஹிட் பாட்டா இருக்கும். அதுக்கு ரைட்ஸ் யார்கிட்ட? ஆடியோ கம்பெனிகிட்ட போனா அந்த ரிங்டோனுக்குக் கேக்கற காசுல இன்னொரு குறும்படம் எடுக்கலாம். டப்பிங்ல அதை எடுத்துட்டு நம்ம மியூசிக் டைரக்டரையே ஒரு பழைய பாட்டு மாதிரி போடச் சொல்லுங்க.

லொகேஷன். வேலூர்ல படம் எடுத்தா கோட்டை அகழி ஷாட் இல்லாம இருக்காது. கோட்டை தொல்லியல் துறை கட்டுப்பாட்டுல இருக்கற இடம், ஷூட்டிங்குக்கு லைசென்ஸ் வேணும். காட்பாடி ஜங்ஷன் பிளாட்ஃபார்ம் ரயில்வே பர்மிஷன். போன்ல திருட்டுத்தனமா எடுத்தது யூட்யூப்ல தப்பிச்சுடும், தியேட்டர்ல வந்து போஸ்டரும் ஒட்டினா யாராவது ஒரு புகார் குடுப்பாங்க. பர்மிஷன் பேப்பர் இருந்தா அதே ஃபைல்ல வச்சுக்கோங்க.

சர்டிஃபிகேட் இப்ப யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, 'ஏ'ன்னு வருது. யு/ஏல இந்த வயசுப் பிரிவு வந்தது 2023 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம்தான். பழைய கட்டுரைல சர்டிஃபிகேட் 10 வருஷம்தான் செல்லும்னு போட்டிருப்பாங்க, அதை நம்பாதீங்க, இப்ப காலவரம்பு இல்ல. இன்னொண்ணு, சர்டிஃபிகேட் வந்ததுக்கு அப்புறம் படத்துல கை வைக்கக் கூடாது. ரெண்டு நிமிஷம் வெட்டினாலும், கடைசியா காசு குடுத்த மாமா பேரை நன்றி கார்டுல சேத்தாலும் திரும்ப சிபிஎஃப்சிகிட்ட சொல்லி எழுதி வாங்கணும். நன்றி லிஸ்ட்டை ஒரு தடவைக்கு நாலு தடவை வீட்ல படிச்சுக் காமிங்க. படத்து டைட்டில் சர்டிஃபிகேட்ல, ஸ்கிரீன்ல, போஸ்டர்ல மூணுலயும் எழுத்து மாறாம ஒண்ணா இருக்கணும்.

ட்ரெய்லரை முன்கூட்டியே அதே தியேட்டர்ல ஓட்டணும்னா அதுக்குத் தனி சர்டிஃபிகேட். ஸ்பான்சர் பண்ற நகைக்கடையோட விளம்பரப் படத்துக்கும் அதே கதைதான். நானா இருந்தா ரெண்டையும் விட்டுடுவேன்.

"நான் முடிச்சுத் தரேன்"னு நடுவுல வர்ற ஆளுங்க இருப்பாங்க. போர்ட்டல்ல நீங்களே போடலாம், அவங்களும் அதைத்தான் போடுவாங்க.

2. டிசிபி பண்றது

தியேட்டர் ப்ரொஜெக்டர்ல எம்பி4 ஓடாது. டிசிபின்னு (டிஜிட்டல் சினிமா பேக்கேஜ்) ஒரு ஃபோல்டரா மாத்தணும். ஸ்டுடியோல காசு குடுத்து பண்ணலாம், இல்ல டிசிபி-ஓ-மேட்டிக்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, வீட்டு கம்ப்யூட்டர்லயே பண்ணலாம், ராத்திரி முழுக்க ஓட விட்டுத் தூங்கணும் அவ்வளவுதான். நான் சொந்தமா பண்றதுக்குத்தான் ஓட்டு போடுவேன், ஏன்னா டெஸ்ட்ல ஏதாவது தப்பு வந்தா திரும்ப திரும்ப காசு அழ வேண்டாம்.

அளவு பிக்சல்ல: ஃப்ளாட்னா (சாதாரண அகலம்) 1998க்கு 1080, ஸ்கோப்னா (அகலத் திரை) 2048க்கு 858. நாம சாதாரணமா எடுக்கற 16:9 படம் ஃப்ளாட்ல போடும்போது ரெண்டு பக்கமும் லேசா கறுப்புப் பட்டை வரும், அதுக்கு பயந்து ஸ்கோப்ல வெட்டினா மேல தலை கீழ சப்டைட்டில் போகும். ஃப்ரேம் ரேட் செகண்டுக்கு 24. போன்ல எடுத்த ஷாட் இருந்தா ஜாக்கிரதை, போன் ஒரே வேகத்துல எடுக்காது, 24க்கு மாத்தும்போது உதடு ஒரு பக்கம் சவுண்ட் ஒரு பக்கம் போகும்.

சவுண்ட்தான் பெரிய விஷயம். ஹெட்போன்ல மிக்ஸ் பண்ண ஸ்டீரியோவை அப்படியே போட்டா வசனம் லெஃப்ட் ரைட் ஸ்பீக்கர்ல மட்டும் வரும், ஓரமா உக்காந்தவனுக்கு ஒரு பக்கம்தான் கேக்கும். தியேட்டர்ல வசனத்துக்குன்னு திரைக்குப் பின்னாடி நடுவுல ஒரு ஸ்பீக்கர் இருக்கு, சென்டர் சேனல், அதுல வரணும். 5.1னு சுத்தி எல்லா ஸ்பீக்கருக்கும் தனித்தனியா மிக்ஸ் பண்ண காசில்லைன்னாலும் வசனத்தை மட்டுமாவது சென்டர்க்கு மாத்தச் சொல்லுங்க. அப்புறம், மிக்ஸிங் ஸ்டுடியோல ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற குமிழ்) 7ல வச்சு கேப்பாங்க, ஏரியா தியேட்டர்ல பெரிய படத்துக்கு சத்தம் ஜாஸ்தின்னு 5ல வச்சிருப்பாங்க. உங்க படத்துல கிசுகிசுப்பா பேசற சீன் அப்படியே முழுங்கிடும். டெஸ்ட் அன்னிக்கு நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி ஆபரேட்டர் ரூம் சுவத்துல ஒட்டிடுங்க.

டிரைவ் விஷயம்: தியேட்டர்ல படத்தை ஓட்டற கம்ப்யூட்டரைத்தான் சர்வர்னு சொல்வாங்க, எல்லா சர்வரும் விண்டோஸ் ஃபார்மேட்டைப் படிக்கும்னு சொல்ல முடியாது, லினக்ஸ் ஃபார்மேட்ல காப்பி பண்ணணும், எக்ஸ்டி2 இல்லைன்னா எக்ஸ்டி3. ரெண்டு டிரைவ் எடுத்துட்டுப் போங்க. யாரும் திருடாம படத்துக்கு லாக் போடறதா வேண்டாமான்னு கேப்பீங்க. லாக் போட்டா கேடிஎம்னு ஒரு சாவி வேணும், அது அந்த ஒரு சர்வருக்கு அந்த நேரத்துக்கு மட்டும் திறக்கும், அவங்க சர்வரை மாத்திட்டா செல்லாது. ஒரே ஒரு ஷோவுக்கு நான் லாக் போட மாட்டேன், டிரைவை கையோட வச்சுப்பேன்.

3. தியேட்டர்ல என்ன சர்வர் இருக்குன்னு பாக்கறது

மேனேஜரைப் பாக்கறதுக்கு முன்னாடி ஆபரேட்டரைப் பாருங்க. ஒரு டீ வாங்கிக் குடுத்து கேளுங்க, தியேட்டருக்குப் படம் அனுப்பற கம்பெனி க்யூபா யூஎஃப்ஓவா வேற ஏதாவதா, வெளி டிரைவ்ல இருந்து டிசிபி ஏத்த முடியுமா, இல்ல கம்பெனி மூலமாத்தான் வரணுமா. சில சர்வர்ல நீங்க நேரா கொண்டு வந்த டிரைவ் ஏறாது, அந்தக் கம்பெனிகிட்ட படத்தைக் குடுத்து அவங்க ஃபார்மேட்ல மாத்தி அனுப்பணும், அதுக்கு விபிஎஃப்னு ஒரு கட்டணம் தனி. தியேட்டர் வாடகையை விட இது எகிற வாய்ப்பு இருக்கு, அதனால இதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் தியேட்டரையே முடிவு பண்ணணும். ஏசி நல்லாருக்கு சீட் நல்லாருக்குன்னு பாக்கறது அப்புறம்.

எங்களுக்கு ஒரு இடத்துல "எல்லாம் ஏறும் தம்பி, கவலைப்படாதீங்க"ன்னு சொல்லிட்டு, டெஸ்ட் அன்னிக்கு டிரைவை சொருகினா சர்வர் கண்டுக்கவே இல்ல. வாய் வார்த்தையா கேக்காம ரெண்டு நிமிஷ டிசிபி ஒண்ணு பண்ணி எடுத்துட்டுப் போய் ஏத்திப் பாத்துடுங்க.

4. மேனேஜர்கிட்ட பேசறது, காசு கணக்கு

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஷோ வாடகை, மொத்தமா இவ்வளவுன்னு குடுத்துட்டா டிக்கெட் காசு உங்களுது. ரெண்டாவது ஷேர், வர்ற கலெக்‌ஷன்ல சதவீதம். புதுசா பண்றவங்களுக்கு ஷேர் குடுக்க ஓனர் யோசிப்பார், ஆள் வருமான்னு அவருக்கு பயம். விநியோகஸ்தர் யாராவது மூலமா போனா, நம்ம பக்கம் என்எஸ்சி ஏரியான்னு சொல்வாங்க, வட ஆற்காடு தென் ஆற்காடு செங்கல்பட்டு சேத்து ஒரே ஏரியா. மாவட்டம் 2019ல வேலூர் ராணிப்பேட்டை திருப்பத்தூர்னு மூணா உடைஞ்சும் சினிமாக்காரங்களுக்கு இன்னும் அது வட ஆற்காடுதான். ஒரு ஷோவுக்கு விநியோகஸ்தர் தேவையே இல்ல.

வாடகை பேசும்போது கேக்க வேண்டியது: ஏசி முழு நேரமும் ஓடுமா, கரண்ட் போனா ஜெனரேட்டர் டீசல் யார் காசு, விபிஎஃப் இதுல சேத்தியா, டெஸ்ட் ஸ்கிரீனிங் ஒரு தடவை ஃப்ரீயா, க்ளீனிங் சார்ஜ் உண்டா. மே மாசம் வேலூர்ல 40 டிகிரிக்கு மேல போகும்போது "ஏசி பாதி படத்துக்கு அப்புறம் ஆஃப்"னு சொன்னா ஜனங்க இடைவேளையில வீட்டுக்குப் போயிடுவாங்க.

டிக்கெட் விலை பத்தி ஒரு கணக்கு. 2025 செப்டம்பர் 22ல இருந்து 100 ரூபா வரைக்கும் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினா 18. டிக்கெட்டை 100னு வச்சா ஜிஎஸ்டியோட 105. பத்து ரூபாதானேன்னு 110 ஆக்கினா 129 ரூபா 80 காசு. பாக்க வர்றவன் கிட்டத்தட்ட 25 ரூபா கூட குடுக்கறான், அதுல நமக்கு வர்றது 10. அதனால 100ஐத் தாண்டாதீங்க. இதுக்கு மேல உள்ளாட்சி கேளிக்கை வரி இருக்கு, தமிழ்ப் படத்துக்கு 8 சதவீதமா இருந்ததை 2025ல 4 ஆக்கினாங்க, அதை தியேட்டரே கட்டும், கணக்குல கழிச்சுக் காமிப்பாங்க. வாடகை ஒரு பேச்சுக்கு 15,000னு வச்சா வரி போக 150 டிக்கெட்டுக்கு மேல வித்தாத்தான் வாடகையே தேறும், சென்சார் செலவு டிசிபி செலவு எல்லாம் அதுக்கு மேல. லாபம்ங்கற பேச்சை எடுக்காம இருந்தா மனசு நல்லாருக்கும்.

சொந்தமா டிக்கெட் அடிக்காதீங்க. பாஸ்னு பேர் போட்டு அடிச்சு காசு வாங்கினாலும் அது வரி ஏய்ப்புக் கணக்குலதான் வரும். தியேட்டர் கவுன்டர் டிக்கெட்தான்.

இதெல்லாம் பேசி முடிச்சா ஒரு லெட்டர் குடுங்க. படத்து பேரு, சர்டிஃபிகேட் நம்பர், எத்தனை நிமிஷம், எந்த தேதி எந்த ஷோ, பேசின தொகை, அட்வான்ஸ் எவ்வளவு, தேதி தள்ளினா அட்வான்ஸ் திரும்புமா. கூட சர்டிஃபிகேட் ஜெராக்ஸ், பான், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். ஒரு காப்பில மேனேஜர் கையெழுத்தும் சீலும் வாங்கிடுங்க, சீல் முக்கியம், கையெழுத்து யாருதுன்னு அப்புறம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

5. தேதியும் ஷோவும்

தமிழ்நாட்டுல ஒரு நாளைக்கு நாலு ஷோதான், அஞ்சாவது ஷோன்னா அரசாங்க ஆர்டர் வேணும். அதனால உங்களுக்குன்னு தனியா ஒரு ஷோ கிடைக்காது, ஏற்கனவே ஓடற படத்தோட ஒரு ஷோவைத்தான் விட்டுத் தருவாங்க, அது பெரும்பாலும் மார்னிங் ஷோ. பெரிய படம் வர்ற வெள்ளிக்கிழமை, அதுக்கு அடுத்த சனி ஞாயிறு கேக்கவே கேக்காதீங்க. படம் வந்து ரெண்டு வாரம் ஆகி கூட்டம் வத்தினப்ப போய் நின்னா மேனேஜர் சிரிச்சுப் பேசுவார்.

ஊர் காலண்டரும் பாருங்க. வைகாசி ஒண்ணாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா, அன்னிக்கு அந்தப் பக்கம் தியேட்டர்ல யாரும் இருக்க மாட்டாங்க. ஆடிக் கிருத்திகை அன்னிக்கும் வேண்டாம், ரம்ஜான் நோன்பு மாசத்துல பேரணாம்பட்டு மேல்விஷாரம் ஆம்பூர் பக்கம் பகல் ஷோ வேண்டாம். காலேஜ் பசங்களை நம்பி இருந்தா செமஸ்டர் லீவ் பாத்துக்கோங்க, விஐடி பசங்க ஊருக்குப் போயிட்டா காட்பாடியே காலி.

இன்னொரு யோசனை, எங்களுக்குத் தோணாம போச்சு, நீங்க பண்ணிப் பாருங்க. சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ்கள்ல வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்குல தங்கியிருக்கற வங்காளிங்க, வடகிழக்கு ஆளுங்க எவ்வளவு பேர். இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டு லாட்ஜ் ரிசப்ஷன்ல ஒரு நோட்டீஸ் வச்சா பத்து பேராவது வருவாங்கன்னு நினைக்கறேன்.

6. போஸ்டர்

சுவர்ல ஒட்டறதுக்கு முன்னாடி யோசிங்க. பொது இடங்களை அலங்கோலப்படுத்தறதைத் தடுக்கற சட்டம் 1959ல இருந்து இருக்கு. ஃப்ளெக்ஸ் பேனருக்குத் தனி அனுமதி. தியேட்டர் காம்பவுண்டுக்குள்ள ஒட்டறதுக்குப் பிரச்சனை இல்ல. வெளிய கடைக்காரங்ககிட்ட கேட்டு கடைக்கு உள்ள ஒட்டுங்க, லாங் பஜார்ல, காந்தி நகர்ல கேட்டா நிறைய பேர் சரின்னுதான் சொல்வாங்க. போஸ்டர்ல சர்டிஃபிகேட் கேட்டகிரி போட மறக்காதீங்க.

7. ஷோவுக்கு முந்தின ராத்திரி

படத்தை சர்வர்ல ஏத்த நேரம் எடுக்கும், காலையில வந்து ஏத்திக்கலாம்னு விடாதீங்க. நைட் ஷோ முடிஞ்சதும் ஏத்திட்டு முதல் அஞ்சு நிமிஷம், இடைவேளைக்கு முன்னாடி பின்னாடி, கடைசி அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாருங்க. இடைவேளை எத்தனாவது நிமிஷம்னு ஆபரேட்டருக்கு எழுதிக் குடுங்க. 80 நிமிஷப் படம்தானே இடைவேளை எதுக்குன்னு நீங்க கேக்கலாம், கேன்டீன்காரர் ஒத்துக்க மாட்டார், தியேட்டர் வண்டி ஓடறதே பாப்கார்ன்லயும் பார்க்கிங்லயும்தான். எங்க நிறுத்தணும்னு நீங்க சொல்லலைன்னா பாதி வசனத்துல லைட் எரியும்.

8. அடுத்தவங்க படத்தை ஓட்டணும்னா

ஊர்ல ஒரு ஃபிலிம் க்ளப் வச்சு பழைய படம் போடணும்னு நினைக்கறவங்களும் இதே லெட்டர், இதே சர்வர் கேள்விதான், கூடுதலா ரைட்ஸ். வீட்ல ஓடிடி அக்கவுன்ட் இருக்குன்னு அதைத் தியேட்டர்ல போட முடியாது, அந்த சந்தா வீட்டுக்கு மட்டும். டிவிடிக்கும் அதேதான். சினிமாவுக்குக் காப்புரிமை வெளியான அடுத்த வருஷம் ஜனவரில இருந்து 60 வருஷம், அதாவது 1960ல வந்த படத்தோட உரிமை 2020 கடைசியோட முடிஞ்சிடுச்சு. ஆனா கதையும் பாட்டு வரியும் எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் தனியா உயிரோட இருக்கும், அதனால "பழைய படம்தானே"ன்னு தைரியமா இறங்காதீங்க. நெகட்டிவ் ரைட்ஸ், அதாவது படத்தோட உரிமை யார்கிட்டன்னு கண்டுபிடிச்சு ஒரு ஷோவுக்கு எழுத்துல வாங்குங்க, நிறைய குடும்பத்துல கேட்டா சின்னத் தொகைக்கே சம்மதிப்பாங்க. நல்ல காப்பிக்கு புனேல இருக்கற தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேக்கலாம், பதில் வர நாளாகும்.

9. ஷோ முடிஞ்ச உடனே

செல்ஃபி எடுக்கறதை அப்புறம் வச்சுக்கிட்டு முதல்ல கவுன்டருக்குப் போய் டிசிஆர் வாங்குங்க, அன்னிக்கு எத்தனை டிக்கெட், என்ன வரி, நெட் எவ்வளவுன்னு இருக்கற கலெக்‌ஷன் ஷீட். அன்னிக்கே வாங்கலைன்னா "அக்கவுன்டன்ட் லீவ்"ல ஆரம்பிச்சு மாசக்கணக்குல நடக்கணும். அதைக் கையில வாங்கிட்டு மேல ஆபரேட்டர் ரூமுக்குப் போங்க, உங்க முன்னாடியே சர்வர்ல இருந்து படத்தை டெலீட் பண்ணச் சொல்லி ஸ்கிரீனை ஒரு போட்டோ எடுத்துட்டு ரெண்டு டிரைவையும் எண்ணி வாங்கிட்டு இறங்குங்க.